பூஞ்சை இருக்கற புல் விதையைக் காசு குடுத்து வாங்கறாங்க, ஏனுங்க? (கிடேரிக தள்ளாடுது)

கொழுக்கட்டைப்புல் எழுதியது:

வணக்கமுங்க. நானு காங்கேயத்துப் பக்கம். இப்ப நியூசிலாந்துல வைகாட்டோவுல ஒரு பால் பண்ணையில வேலை. பக்கத்து டவுன் பேரு மாட்டமாட்டா. பேருதான் அப்படி, நான் வந்து மாட்டி மூணு வருசம் ஆச்சு.

விசயத்துக்கு வர்றேன். பண்ணைக்குத் தள்ளி மேட்டு நிலம் ஒண்ணு இருக்குதுங்க. கறவை இல்லாத இளங்கிடேரிக 62 உருப்படி அங்க மேயுது, எல்லாம் ஜெர்சி கலப்பு. இது பிப்ரவரி, இங்க நல்ல கோடை. மழை பேஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு, புல்லுக் கடிச்ச கடியில அடிக்கட்டைதான் மிச்சம். போன செவ்வாக்கிழமை வெடியால பட்டி மாத்தலாம்னு நாயைக் கூட்டிக்கிட்டு போனேன். நின்ன வரைக்கும் ஒண்ணும் தெரியலீங்க. தலை மட்டும் லேசா ஆடுச்சு, கெழவிக்குத் தலை ஆடற மாதிரி. நாய் ஒரு சத்தம் போட்டதும் நாலஞ்சு கிடேரி ஓடப் பாத்து, காலு மரக்கட்டையாட்டம் வெறச்சுக்கிட்டு, கதவுகிட்ட ஒண்ணு மடார்னு விழுந்துருச்சு. நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்குது. சரி, போச்சுன்னு நெனச்சேன். நானும் நாயும் தள்ளி நின்னோம். பத்து நிமிசம் இருக்கும், அதுவா எந்திரிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி புல்லுக் கடிக்குது!

அன்னிக்கு எண்ணுனதுல ஒம்பது இப்படி. நேத்து பதினேழு.

மொதலாளிகிட்டச் சொன்னேன். பெருசா அலட்டிக்கல. "ரைகிராஸ் ஸ்டாகர்ஸ். புல்லுக்குள்ள பூஞ்சை இருக்கு. வெரட்டாதே, நாயைக் கட்டிப் போடு" அப்படின்னுட்டு டிராக்டர் ஏறிப் போயிட்டாரு. (ரைகிராஸ்ங்கறது இங்க மேயற புல்லு, ஸ்டாகர்ஸ்னா தள்ளாட்டம்.) நானு போயி அந்தப் புல்லைப் புடுங்கிப் பாத்தேனுங்க. ஒரு புள்ளி கெடையாது, ஒரு வெள்ளைப் படலம் கெடையாது, பூஞ்சான் வாசமும் இல்ல. ஊருல பூஞ்சான் புடிச்ச சோளத்தட்டைப் பாத்தவன் நானு, பூஞ்சைன்னா எனக்குத் தெரியாதா? இதுல எங்க இருக்குது பூஞ்சை?

இதைவிடப் பெரிய கூத்து இன்னொண்ணு. இந்த நெலத்தை மழை வந்ததும் அழிச்சுப் புதுசா விதைக்கறதுக்கு ஏழு மூட்டை ரைகிராஸ் விதை வந்து எறங்கியிருக்கு. ஏஆர்37 னு சீட்டு ஒட்டியிருக்கு. அதுவும் பூஞ்சையாமுங்க! பூஞ்சை உள்ள விதைக்கு விலை ஜாஸ்தியாம். நான் மூட்டைகளைத் தகரக் கொட்டாயில அடுக்கி வெச்சதுக்கு "வெக்கையில பூஞ்சை செத்துப் போயிரும், அப்புறம் நான் குடுத்த காசு என்னாகறது"ன்னு ஒரு சத்தம். மாட்டைத் தள்ளாட வெக்கறதும் பூஞ்சை, காசு குடுத்து வாங்கி நெழல்ல வெச்சுக் காப்பாத்தறதும் பூஞ்சை. எனக்குத் தலை சுத்துதுங்க.

இன்னொரு சந்தேகமும் இருக்குது. தொட்டித் தண்ணியில தெனமும் ஜிங்க் கலக்கறோமே, மாட்டு மூஞ்சி வெந்து போற நோய்க்கு, அதுவும் பூஞ்சைன்னுதான் சொல்றாங்க. இதுவும் அதுவும் ஒண்ணுங்களா? ஜிங்க்கைக் கூட்டிக் குடுத்தா தள்ளாட்டம் நிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பச்சிலை செல்வம் எழுதியது:

நண்பரே, பூஞ்சை என்றால் மஞ்சள், வேப்பெண்ணெய், பூண்டு மூன்றையும் அரைத்து உருண்டை பிடித்து ஒரு வாரம் கொடுங்கள். பூஞ்சை தானாகச் செத்துவிடும். வெளிநாட்டு மருந்தெல்லாம் வேண்டாம்.

---

வன்னிமாடு எழுதியது:

தம்பி கொழுக்கட்டைப்புல், நான் பேராதனையில மிருக வைத்தியம் படிச்சிட்டு வந்து, இஞ்ச மனவாட்டுப் பக்கம் வேலை செய்யிறன். உங்கட மாடு விழுந்து எழும்பின கதையை வாசிச்சவுடனேயே விளங்கீட்டுது. நின்றால் ஒண்டுமில்லை, வெருட்டினால் விழும், விட்டால் எழும்பும். மாசி, பங்குனியில இந்தத் தொலைபேசி எனக்கு நாளுக்கு ரெண்டு வரும்.

முதல் மாட்டைப் பாப்பம், பேந்து பூஞ்சை.

நாயைக் கட்டிப் போடச் சொன்னது மெத்தச் சரி. அந்த நிலத்தில வாய்க்கால், குட்டை, செங்குத்துச் சரிவு எண்டு ஏதும் இருந்தால் இண்டைக்கே மின்கம்பி இழுத்து மறியுங்கோ. இந்த நஞ்சு மாட்டை நேரே கொல்லுறது குறைவு. மாடு சாகிறது தண்ணிக்குள்ள விழுந்து, இல்லாட்டி விழுந்த இடத்தில எழும்ப ஏலாமல் தண்ணி கிடைக்காமல். நடக்கக் கூடியதுகளை ஆளே முன்னால போய், மெல்ல மெல்ல, ரைகிராஸ் இல்லாத இடத்துக்கு மாத்துங்கோ. சிக்கரி, பிளான்டெய்ன் (வாழை இல்லை, ஒரு மேய்ச்சல் செடி), க்ளோவர் எதெண்டாலும் பரவாயில்லை. மாத்த ஏலாததுகளுக்கு நிண்ட இடத்தில சோளச் சைலேஜ் (காத்துப் புகாமல் மூடிப் பதப்படுத்தின தீவனம்) போடுங்கோ. ஆனால் அதே நிலத்தில வெட்டின ரைகிராஸ் வைக்கோல் வேண்டாம், நஞ்சு காய்ஞ்சாலும் போகாது. அமெரிக்காவில ஓரிகனில இருந்து ஜப்பானுக்குப் போன ரைகிராஸ் வைக்கோலைத் திண்டு அங்கத்தை மாடுகளும் இப்பிடித் தள்ளாடினது. புல்லு மாறினால் ஒண்டில இருந்து மூண்டு கிழமைக்குள்ள பெரும்பாலும் தெளிஞ்சிடும். ஊசி, மருந்து எண்டு இதுக்கு ஒண்டுமில்லை.

ஒரு எச்சரிக்கை. "ஸ்டாகர்ஸ்" எண்ட ஒரே சொல்லை இஞ்ச ரெண்டு வருத்தத்துக்குச் சொல்லுவினம். கண்டு போட்ட கறவை மாடு வசந்த காலத்தில நடுங்கி விழுந்தால் அது மக்னீசியம் குறைவு. அதுக்கு மணித்தியாலக் கணக்குத்தான் அவகாசம், உடனே வைத்தியரைக் கூப்பிட வேணும். இளங்கிடேரி, கோடை, ஒட்டக் கடிச்ச பழைய ரைகிராஸ் எண்டால் நீங்கள் சொல்லுறதுதான்.

செல்வம் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பூஞ்சை மாட்டுக்குள்ள இல்லை, புல்லுக்குள்ள. மாட்டுக்குள்ள போறது பூஞ்சை செய்த நஞ்சு மட்டும்தான். அதனால பூஞ்சையைக் கொல்லுற எதைக் குடுத்தும் பிரயோசனமில்லை. அதோட நடுங்கிற மாட்டின்ர வாயைத் திறந்து உருண்டை திணிக்கப் போனால் அது விழுந்து உங்கட காலும் உடையும்.

இனி ஜிங்க். அது வேற பூஞ்சை, தம்பி. மூஞ்சி வேகிற வருத்தத்துக்குக் காரணமான பூஞ்சை, புல்லின்ர அடியில கிடக்கிற செத்த சருகில வளருது. அதின்ர வித்துக்களில இருக்கிற ஸ்போரிடெஸ்மின் ஈரலைப் பழுதாக்கும். ஈரல் பழுதானால் வெயில் படுற தோல் வேகும். அந்த நஞ்சுக்கு ஜிங்க் கேட்கும். தள்ளாட்டம் வேற கணக்கு. இது லோலிட்ரெம் பி எண்ட நஞ்சு, தசையையும் நரம்பையும் அடக்கி வைக்கிற பொட்டாசியம் வாய்க்கால்களை அடைச்சுப் போடும். அதுதான் மாடு நிக்கேக்க சும்மா நிக்குது, ஓட நினைச்சவுடன கட்டளை குழம்பிப் போகுது. ஜிங்க்கைக் கூட்டினால் ஜிங்க்கே நஞ்சாகும். அளவைத் தாண்டாதேங்கோ.

பூஞ்சை எங்க எண்டு கேட்டீங்கள். அது புல்லின்ர கலங்களுக்கு இடையில, உள்ளுக்குள்ளேயே ஓடுது. எபிக்ளோயி எண்டு அதின்ர பேர். ரைகிராஸில அது வெளியில வித்துப் பறக்க விடாது, பக்கத்துப் புல்லுக்குத் தொத்தாது. தாய்ப் புல் பூத்து விதை வைச்சால் விதைக்குள்ள போய் இருந்துகொண்டு, அடுத்த தலைமுறைக்குப் போகும். அவ்வளவுதான் அதின்ர பயணம். புல்லுக்கு அது வருத்தமே இல்லை. அதனால புள்ளியும் இருக்காது, வாசமும் இருக்காது. நஞ்சு கூட இருக்கிறது தண்டைச் சுத்தின அடிமடலிலயும் பூங்கதிரிலயும். இலை நுனியில குறைவு. ஈரமான காலத்தில மாடு நுனியைத் திண்டிட்டுப் போயிடும். உங்கட நிலம் மாதிரி அடிக்கட்டை மட்டும் மிஞ்சினால் நஞ்சைத்தான் திண்ணுது. ஒரு கிலோ உலர்ந்த புல்லில லோலிட்ரெம் பி கிட்டத்தட்ட 2 மில்லிகிராமைத் தாண்டினால் நடுக்கம் தொடங்கும்.

காசு குடுத்து வாங்கிற கதைக்குக் கொஞ்சம் பின்னால போக வேணும். நியூசிலாந்துத் தென்தீவில லிங்கனில ஆட்டுக்குட்டிகளை விதவிதமான ரைகிராஸ் துண்டு நிலங்களில மேய விட்டுப் பார்த்தவை. சில துண்டில குட்டிகள் தள்ளாடினது, சிலதில இல்லை. பிளெச்சர், ஹார்வி எண்ட ரெண்டு பேர் 1981ல புல்லுக்குள்ள இருந்த பூஞ்சைக்கும் தள்ளாட்டத்துக்கும் தொடர்பைக் காட்டினவை. சரி, பூஞ்சை இல்லாத விதை போட்டால் தீர்ந்துது எண்டு எல்லாரும் நினைச்சினம். விதையைப் புழுக்கத்தில ஒண்டு ரெண்டு வருசம் வைச்சால் விதை உயிரோட இருக்கும், பூஞ்சை செத்திடும். (உங்கட முதலாளி சத்தம் போட்டது இதுக்குத்தான்.) அப்பிடி விதைச்ச புல்லில மாடு ஆடு ஒண்டும் தள்ளாடேல்லை. ஆனால் புல்லே நிக்கேல்லை! அர்ஜென்டினாத் தண்டு வண்டு எண்டு ஒரு சின்ன வண்டு, 3 மில்லிமீட்டர் வரும், தென் அமெரிக்காவில இருந்து வந்தது. அது மடலில முட்டை போட, புழு தண்டைக் குடைஞ்சு தள்ளீட்டுது. பூஞ்சை இருந்த புல்லில வண்டு வாய் வைக்கேல்லை எண்டது 1982ல வெளியில வந்தது. வண்டை விரட்டினது பெராமின் எண்ட வேற பொருள். ஒரே பூஞ்சை, ஒரு கையால வண்டை விரட்டுது, மற்றக் கையால மாட்டை ஆட்டுது.

பேந்து என்ன செய்தவை? உலகம் முழுக்கச் சேர்த்த ரைகிராஸ் புல்லுகளைத் துளாவி, லோலிட்ரெம் பி செய்யாத பூஞ்சை வகைகளைத் தேடிப் பிடிச்சு, நல்ல ரைகிராஸுக்குள்ள ஏத்தினவை. 2001ல ஏஆர்1 விற்பனைக்கு வந்தது. அதில பெராமின் இருக்கு, தள்ளாட்ட நஞ்சு இல்லை. வண்டு போகும், ஆனால் கரும்வண்டுக்கும் வேர் அசுவினிக்கும் அது காணாது. வைகாட்டோவில கரும்வண்டு எண்டால் என்ன எண்டு உங்கட முதலாளியைக் கேட்டுப் பாருங்கோ, ஒரு மணித்தியாலம் கதைப்பார். 2007ல ஏஆர்37. அதில பெராமினும் இல்லை, லோலிட்ரெம் பியும் இல்லை, எபொக்சி ஜான்தித்ரெம் எண்ட வேற சரக்கு. கரும்வண்டு, வேர் அசுவினி, தண்டு வண்டு எல்லாத்துக்கும் நிக்கும். ஆட்டுக்குட்டிகள் சில நேரம் அதிலயும் கொஞ்சம் நடுங்கும், ஆனால் பழைய பூஞ்சை அளவுக்கு இல்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்ர பதில் இவ்வளவுதான்: இஞ்ச ரைகிராஸ் வேணுமெண்டால் காவல்காரன் இல்லாமல் சரிவராது. உங்கட மேட்டு நிலத்தில இருக்கிறவன் பழைய காவல்காரன், வீட்டு ஆக்களையும் அடிக்கிறவன். முதலாளி ஆளை மாத்திறார்.

---

வரகரிசி எழுதியது:

அக்கா நல்லா வெளக்கினீங்க. எங்க விழுப்புரம் பக்கம் கிறுக்கு வரகுன்னு ஒண்ணு சொல்லுவாங்க. அறுப்பு நேரத்துல மழையில நனைஞ்ச வரகைத் தின்னா மனுசனுக்கும் மாட்டுக்கும் மயக்கம், வாந்தி, நடுக்கம் வரும். 2024 அக்டோபர் கடைசியில மத்தியப் பிரதேசம் பாந்தவ்கர் காட்டுல பத்து யானை செத்துச்சே, அதுவும் வரகுதான். அதுவும் இந்தப் பூஞ்சையா?

---

வன்னிமாடு எழுதியது:

இல்லைத் தம்பி. வரகில நஞ்சு செய்யிறது ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் மாதிரி, ஈரப்பட்ட தானியத்தில வெளியில இருந்து வந்து ஏறுற பூஞ்சைகள். அந்த நஞ்சுக்குப் பேர் சைக்ளோபியசோனிக் அமிலம். எபிக்ளோயி குளிர்நாட்டுப் புல்லுகளோட பிறந்து வளருறது. ரைகிராஸ், ஃபெஸ்க்யூ அந்த இனம். வரகு, சோளம், நேப்பியர், கொழுக்கட்டைப்புல்லு எல்லாம் வேற கூட்டம், அதுகளுக்கு இது இல்லை. ஆனால் "கிறுக்கு வரகு" எண்ட பேர் வடிவான பேர். இஞ்சத்தை விஞ்ஞானிகள் ரெண்டு ஆங்கில எழுத்தும் ஒண்டு ரெண்டு இலக்கமும் போட்டு வைச்சிருக்கினம்.

---

ஃபெஸ்க்யூ பாண்டி எழுதியது:

அண்ணாச்சி, நான் திருநெவேலி. கென்டக்கியில லெக்சிங்டன் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. மாடு வளக்கணும்னு ஆசப்பட்டு 22 ஏக்கர் வாங்கி, பதினாலு ஆங்கஸ் கலப்பு நிக்கி. வாங்கும்போது புல்லு கரும்பச்சையா தளதளன்னு இருந்துச்சு. வித்தவன் "கென்டக்கி 31, சாகவே சாகாது"ன்னான். சாகலதான். ஆடி மாசம் வந்ததும் என் மாடு பூரா குட்டைக்குள்ள எறங்கி வயிறு நனைய நிக்கி. புல்லு பக்கம் வரவே மாட்டேங்கி. ஜூன் கடைசியிலயும் குளிர்கால முடி உதிராம சடைசடையா தொங்குது. நான் பூச்சி மருந்து ரெண்டு தடவ குடுத்துப் பாத்தேன். பணம்தான் போச்சு.

பொறவு பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரு சொல்லித்தான் தெரிஞ்சுது. இங்க ஃபெஸ்க்யூ புல்லு. 1931ல இதே கென்டக்கியில மெனிஃபீ கவுண்டியில ஒரு மலச்சரிவுல வறட்சியிலயும் பச்சையா நின்ன புல்லப் பாத்து, ஃபெர்கஸ்னு ஒரு வாத்தியாரு விதை எடுத்துட்டுப் போனாரு. 1943ல வெளியிட்டாங்க. அதுலேருந்து தென்கிழக்கு அமெரிக்கா பூரா இதான். அது ஏன் சாகலன்னு 1977ல ஜார்ஜியாவுலதான் வெளங்குச்சு, உள்ள பூஞ்சை. வன்னிமாடு அக்கா சொன்ன அதே குடும்பம். ஆனா இதுல லோலிட்ரெம் கெடையாது, அதனால தள்ளாட்டம் இல்ல. எர்கோவலின்னு ஒண்ணு, ரத்தக்குழாய இறுக்கிருது. கோடையில ஒடம்புச் சூடு வெளிய போக வழியில்ல, அதான் குட்டைக்குள்ள எறங்குதுக. குளிர்காலத்துல கால் குளம்புக்கும் வால் நுனிக்கும் ரத்தம் போகாம செத்து விழுந்துரும். என் மாடு ஒண்ணுக்கு வால் நுனி இல்ல, இப்பவும் ஈ விரட்ட முடியாம தலையத்தான் ஆட்டும்.

குதிரைக்கு இன்னும் மோசம். சினைக் குதிரை இதுல மேஞ்சா நாள் தள்ளிப் போகும், குட்டி பொறந்தாலும் மடியில பால் இருக்காது. பக்கத்துப் பண்ணையில ஈத்துக்கு மூணு மாசம் முன்னாலயே வேற புல்லுக்கு மாத்திருவாங்க.

இங்கயும் பூஞ்சையில்லாத விதை போட்டுப் பாத்தாங்க, வெயில்லயும் மாட்டுக் குளம்புலயும் புல்லு நிக்கல. 2000ல நல்ல பூஞ்சை ஏத்தின ஃபெஸ்க்யூ வந்துச்சு. அந்தப் பூஞ்சை எங்கேருந்து வந்துச்சுங்கிய? உங்க நியூசிலாந்துக்காரங்க குடுத்தது. நான் இன்னும் மாத்தல, ஏக்கருக்கு ஆகுற செலவப் பாத்து மலைச்சுப் போயிருக்கேன். இப்போதைக்கு க்ளோவர் தூவி நஞ்ச நீர்க்க வச்சிட்டு, கதிர் வரும்போது நுனிய வெட்டி விடுதேன். குட்டையில நிக்கது கொறஞ்சிருக்கு, ஆனா நிக்கல.

---

கொழுக்கட்டைப்புல் எழுதியது (18 நாள் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றிங்க. வேலை மும்முரத்துல பதில் போட முடியல.

அக்கா சொன்னபடி அன்னைக்குப் பொழுதோடவே வாய்க்கால் ஓரமா கம்பி இழுத்தேன். ஒரு பக்கம் இழுத்து முடிச்சு, மறுபக்கத்தை வெடியால பாத்துக்கலாம்னு விட்டேன். வெடியால போனா செவலை வாய்க்காலுக்குள்ள. இங்கெல்லாம் காதுல நம்பர்தானுங்க, பேரு நானு வெச்சது. இடுப்பளவு தண்ணி கூட இல்ல. அதைப் பத்தி இதுக்கு மேல எழுத மனசு வரலீங்க.

மத்ததையெல்லாம் நாயில்லாம, நாலு சக்கர பைக்கும் இல்லாம, நானே முன்னால நடந்து சிக்கரிக் காட்டுக்குக் கொண்டு போனேன். 400 மீட்டர் தூரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம். மொதலாளி ரோட்டுல வண்டியை நிறுத்திப் பாத்தாரு, ஒண்ணும் பேசல. எட்டாம் நாள் பாதி தெளிஞ்சுது. இப்ப ஒண்ணே ஒண்ணுதான் தலையாட்டுது.

மாட்டு ஆஸ்பத்திரிக்கு அந்தப் புல்லு பத்துத் தூர் புடுங்கிக் கொண்டு போனேன். அங்க இருந்த பொண்ணு அடிமடலோட உள்தோலை உரிச்சு, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில காட்டுச்சு. செல்லெல்லாம் செங்கல் அடுக்குன மாதிரி வரிசையா இருக்குது. அதுக்கு நடுவுல நீலநூல் நெளிஞ்சு நெளிஞ்சு நீளவாட்டுல ஓடுது. பத்துல ஒம்பதுல இருந்துச்சுங்க. அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புனேன். எங்க கொறங்காட்டை (மேய்ச்சல் காடு) சுத்தி கிளுவை வேலி, முள்ளு நம்ம மாட்டையும் கீறத்தான் செய்யும், அதே கதைதான்னு சொன்னேன். "வேலின்னா சுத்திதானப்பா போடுவாங்க, எவன் புல்லுக்குள்ள போட்டான்"னு கேக்கறாரு.

விதை மூட்டை இப்ப பால் தொட்டிக்குப் பக்கத்து ரூமுல, நல்ல குளுமை. கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன் அக்கா. மழை வந்ததும் பழைய புல்லுக்கு ஒரு தடவை களைக்கொல்லி அடிச்சுட்டு நேரா விதைச்சுரலாம்னு மொதலாளி சொல்றாரு. போதுங்களா?

---

வன்னிமாடு எழுதியது:

செவலையின்ர செய்தி கவலை, தம்பி. ஒரு பக்கம் கம்பி இழுத்தபடியால எத்தினை தப்பினது எண்டும் நினைச்சுப் பாருங்கோ.

ஒரு தடவை காணாது. பழைய ரைகிராஸ் வருசா வருசம் கொட்டின விதை மண்ணில கிடக்கு, பழைய பூஞ்சையும் அதுக்குள்ள கிடக்கு. மழை விழ உங்கட புது விதையோட சேர்ந்து அதுவும் முளைக்கும், ரெண்டையும் கண்ணால பிரிக்க ஏலாது. அவசரமெண்டால் இப்ப ஒருக்கா அடிச்சு, மழைக்கு முளைக்கிறதைப் பார்த்து இன்னொருக்கா அடிச்சிட்டு விதையுங்கோ. பொறுமை இருந்தால் இந்த முறை வேற பயிர் ஒண்டு போட்டு எடுத்திட்டு, அடுத்த இலையுதிர் காலத்தில விதைக்கிறது இன்னும் திறம். ஆனால் அப்பிடியெண்டால் இந்த ஏழு மூட்டையை அதுவரைக்கும் வைச்சிருக்காமல் வேற நிலத்தில போட்டு முடிக்க வேணும். புது நிலத்துக்கு மாட்டை விட முதல் ரெண்டு நாள் வேற இடத்தில நிப்பாட்டுங்கோ. பழைய புல்லின்ர விதை சாணியோட உயிரோட வந்து விழும்.

---

கொழுக்கட்டைப்புல் எழுதியது:

ரெண்டு தடவை அடிக்கச் சொல்லிட்டேனுங்க. களைக்கொல்லி விலையைச் சொல்லி மொனகுனாரு. செவலை வெலை என்னன்னு நானு கேக்கல, அவரே கணக்குப் போட்டுப் பாத்திருப்பாரு போல, வெள்ளிக்கிழமை ஆள் வர்றாங்க.